தவசிக்கனி கடையின் விலைப்பலகை

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலையில் தவசிக்கனி அண்ணாச்சி தன் பலசரக்குக் கடையைத் திறக்க வந்தபோது, வெளிச்சுவர் ஆணியில் தொங்கிய கரும்பலகையில் அன்றைய விலைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய், துவரம்பருப்பு, மண்டை வெல்லம் என்று எல்லாம் வரிசையாக, வலது பக்கம் சாய்ந்த, கால் நீண்ட எழுத்தில் இருந்தன. அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாக்பீஸ் அங்கேயே இருந்தது. மார்க்கெட்டில் சரக்கு எடுத்த சீட்டை விரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் வைக்கிற லாபம் முதற்கொண்டு பைசா பிசகாமல் சரியாக இருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இது யார் கையெழுத்து அண்ணாச்சி என்று இரண்டு பேர் கேட்டார்கள், யார் கையெழுத்தாக இருந்தால் என்ன, கணக்கு சரியாக இருக்கிறதா இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆவரங்குளம் தீப்பெட்டி ஆபீஸ் தெரு அந்த அதிசயத்துக்காகச் செலவழித்த வியப்பு அவ்வளவுதான்.

பலகையை நம்பாமல் பார்த்தவள் ஐந்தாவது வீட்டுத் தங்கபுஷ்பம் ஒருத்திதான். அதுவும் பேய் பிசாசு என்ற பயத்தினால் அல்ல, எழுதிப் போட்டுவிட்ட விலையிடம் எப்படிப் பேரம் பேசுவது என்ற கவலையினால். பேரம் பேசுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கல்யாணப் பட்டு எடுக்கவும், கிடா பிடிக்கவும், பந்தலுக்கு அச்சாரம் கொடுக்கவும் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். எந்த விலை சொன்னாலும் அவள் வாய் தானாகப் பாதியைக் கேட்கும். அவள் கணவன் சங்கரபாண்டி நேர் எதிர்; எண்ணெய் மில்லில் மூட்டை எண்ணுகிற வேலை, சாதுவான மனிதர், எதற்கும் விலை கேட்காமல் நோட்டை நீட்டிவிட்டு மீதியை வாங்கி எண்ணாமல் பையில் போடுகிற ஜாதி. வாயைத் திறந்து என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும் என்று இருபத்தெட்டு வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டே அவள் குடித்தனம் செய்து வந்தாள்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அவள் இந்தத் தெருவுக்கு வாழவந்தபோது தக்காளி கிலோ நாலு ரூபாய், பத்து ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒயர் கூடையின் காது கையை அறுக்கும். மகள் சுடர்க்கொடி பிறந்த வருஷம் தேங்காய் மூன்று ரூபாய். அவள் பெரியவளான வருஷம் உளுந்து அறுபதைத் தொட்டது. அவளைக் கட்டிக்கொடுத்த வருஷம் வெங்காயம் நூற்றைத் தாண்டியதால் பந்தியில் தயிர்ப்பச்சடியை வெள்ளரிக்காயில் ஒப்பேற்றினார்கள். வருஷங்களை அவள் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தாள். இப்போது இருநூறு ரூபாயோடு போனால் கூடையின் அடிகூட மறையவில்லை, காப்பிக்குத் தூளைக் குறைத்து, சிலிண்டர் தீருகிற வாரத்தில் குழம்பை இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்தாள்; மாதக் கடைசியில் சங்கரபாண்டியின் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது அது வருஷா வருஷம் அப்படியேதான் இருந்தது. அதனால் பேசினாள். பேசி முடித்த பிறகு, கடைசியாகக் கூடையை நீட்டி, கொசுறு, என்பாள். அண்ணாச்சி ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் நாலு மல்லித்தழையையும் தராசில் வைக்காமல் அப்படியே கூடையில் போடுவார். கொசுறை யாரும் நிறுப்பதில்லை. அந்த ஒரு பிடி பச்சை கூடையின் மேல் விழும்போதுதான் அவளுக்கு அன்றைய பொழுது ஜெயித்த மாதிரி இருக்கும்.

ஆவணி பிறந்த அன்று பலகையின் கடைசி வரியில் கறிவேப்பிலை, ஒரு கொத்து, பத்து ரூபாய் என்று இருந்தது. தங்கபுஷ்பம் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்த்தார். நான் எழுதலையே தங்கச்சி, என்றார், ஆனாலும் எழுதியிருக்குதே. அன்று அவள் கறிவேப்பிலை இல்லாமல் தாளித்தாள். மறுவாரம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினாள். தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

பிறகு பலகை நீளத் தொடங்கியது. ஆணியும் அதே ஆணி, மரச்சட்டமும் அதே சட்டம், ஆனால் எத்தனை வரி வந்தாலும் அதற்கு இடம் இருந்தது. முச்சந்தி வேப்பமரத்து நிழல், மணிக்கு இரண்டு ரூபாய். வழிப்போக்கருக்குத் தண்ணீர், தம்ளர் மூன்று ரூபாய். வாசலில் நின்று நலம் விசாரித்தல், ஐந்து ரூபாய். அடுத்த வீட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருத்தல், பத்து ரூபாய். கொடுக்கிற கைக்கு வாங்குகிற கை காசு தரவேண்டும், கேட்பாரில்லாத நிழலுக்கும் காற்றுக்கும் உள்ள காசைப் பலகைக்கு அடியில் தொங்கிய பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்திருந்தது. டப்பாவும் ஒவ்வொரு காலையும் காலியாகவே இருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டாயப்படுத்தவும் யாரும் வரவில்லை. எதிர்வீட்டு லூர்தம்மாள் ஒருநாள் தபால்காரருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றபோது, அவர்தான் பதறிப்போய், இனாமாகக் குடித்தால் வயிற்றைக் கலக்கும் என்று மூன்று ரூபாயை வைத்துவிட்டுப் போனார். நாலு காசு வரவும் இருந்ததால் பலருக்கு அது பிடித்தும் இருந்தது. நலம் விசாரிக்க ஆள் தேடி வீடு வீடாகப் போகிறவர்கள்கூட உண்டானார்கள்.

பலகையிடம் பேரம் பேசிப் பார்த்தவர் தையல்கார சீனிப்பாண்டி. வேடிக்கைக்காக, நிழலுக்கு ஒரு ரூபாய்தான் தருவேன் என்றார். பலகையில் இரண்டு அழிந்து ஒன்று விழுந்தது. தெருவே கைதட்டியது. மரத்தடியில் போய் உட்கார்ந்த சீனிப்பாண்டியின் மேல் நிழல் பாதிதான் விழுந்தது. இடதுபக்கம் முழுக்க வெயில், அவர் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் இடதுபக்கம் வெயில். சாயங்காலம் பாதி முகம் கன்றிப்போய் வீட்டுக்கு வந்தார். பாதி விலைக்குப் பாதிச் சரக்கு என்பது எல்லாருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து பலகையின் முன்னால் தெரு வாயைப் பொத்திக்கொண்டது. தங்கபுஷ்பமும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனாள்.

புரட்டாசியில் லூர்தம்மாளின் வீட்டுக்காரர் இறந்துபோனார். துஷ்டி வீட்டில் கட்டிப்பிடித்து அழுதல், ஆளுக்கு ஐம்பது ரூபாய் என்று அன்று காலையே பலகையில் இருந்தது. லூர்தம்மாள் இருநூறு ரூபாயை எண்ணி வைத்துக்கொண்டு நாலு பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஐந்தாவதாகத் தங்கபுஷ்பம் தெருவைத் தாண்டிப் போனபோது, அவள் தலையைத் தூக்கிப் பார்த்து, போதும் மதினி, கையில இல்ல, என்று கையைக் காட்டினாள். எனக்குக் காசு வேண்டாம்டி என்று சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். தங்கபுஷ்பம் அப்படிச் செய்யவில்லை. நடுத்தெருவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து அடுப்படியில் உட்கார்ந்து தன்னையே வெறுத்து அழுதாள்.

இதற்கு நடுவில்தான் முழுகாமல் இருந்த சுடர்க்கொடிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்து தலைப்பிரசவம் பார்த்து அனுப்புவது பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு. சுடர்க்கொடியைப் பெற்றபோது தங்கபுஷ்பத்துக்கு ஆன செலவு, பெரியாஸ்பத்திரி ஆயா பிள்ளையைக் காட்ட வாங்கிய ஐம்பது ரூபாயும் ஒரு டப்பா மிட்டாயும்தான். இப்போது மருமகன் வீட்டில், தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்கு அடுத்த தெரு நர்சிங் ஹோமில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டி, கழிவு போக ஏலத்தில் எடுத்த நாற்பதாயிரத்தை அவள் அரிசிப்பானைக்குள் வைத்திருந்தாள். அது போதுமா போதாதா என்பதுதான் அவளுக்கு எந்நேரமும் யோசனை. அரிசி களையும்போதும் அதுதான், சாமி கும்பிடும்போதும் அதுதான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். பலகையில் மல்லித்தழைக்குக் கீழே, தலைப்பிரசவம், எண்பதாயிரம் என்று எழுதியிருந்தது. அரிசிப்பானைக்குள் இருந்தது அதில் சரிபாதி. முந்தானை எப்போது வாயிலிருந்து நழுவியதோ, இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"நாப்பதுக்குப் போட்டுக் குடுங்க."

எட்டு அழிந்து நாலு விழுந்தது.

அண்ணாச்சி தராசுக் கல்லைக் கீழே வைத்தார். கேட்ட விலைக்குப் படிந்துவிட்ட பிறகு வாங்காமல் போகிற வழக்கம் அந்தக் கடைத்தெருவில் இல்லை, அதுவும் முதல் போணி. போணி முறிந்தால் அன்றைக்கு யாருக்கும் எதையும் நிறுக்க மாட்டார்கள். தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பாதி விலைக்குப் பாதிச் சரக்கு. ஒரு பிரசவத்தில் வருகிறது இரண்டு உயிர். அதில் பாதி எது என்று யோசிக்கத் தொடங்கியதும் எழுந்து கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாள்.

மத்தியானம் வரை தெருவில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து அவள் வாசலில் நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. போணியை முடிச்சிரு தங்கபுஷ்பம், பிள்ளைக பட்டினியாக் கெடக்கு, என்று சீனிப்பாண்டி சொன்னார், அவர் கன்னத்தில் வெயில் பட்ட கறுப்பு அப்படியே இருந்தது. அவர்கள் அவ்வளவு பதவிசாகப் பேசியதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாயங்காலம் அரிசிப்பானையில் கையை விட்டு, நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு போய் டப்பாவில் போட்டாள். அண்ணாச்சி கடை வியாபாரம் தொடங்கியது. சங்கரபாண்டியிடம் ராத்திரி சொன்னாள். நல்ல விலைதானே, என்றார் அவர்.

வளைகாப்பு நடந்தது. சுடர்க்கொடி கை நிறைய வளையலோடு தாய்வீட்டுக்கு வந்தாள். அவள் குளிக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கும்போதும் தங்கபுஷ்பம் அவளையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். காசு வாங்காமல் அவள் கவலையை விசாரிக்க ஒருவரும் இல்லை, விசாரித்தால் ஐந்து ரூபாய். மார்கழி இருபதாம் தேதி விடிகாலையில் வலி எடுத்தது. நர்சிங் ஹோமில் பணம் கட்டுகிற இடத்தில் இருந்தவள் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முழுசும் கட்டியாச்சே, என்றாள். ரசீதில் எழுத்து வலது பக்கம் சாய்ந்து கால் நீண்டிருந்தது. பத்து மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, பெரிய உயிருக்கு நான் பொறுப்பு, சின்னதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். தங்கபுஷ்பம் செருப்பைக்கூடத் தேடாமல் கடைக்கு ஓடினாள்.

அண்ணாச்சி புளி உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கொத்து கறிவேப்பிலை குடுங்க."

"பத்து ரூவா தங்கச்சி."

"காசுக்கு இல்ல. கொசுறு. ஐப்பசியில நாப்பதாயிரத்துக்குப் போணி பண்ணியிருக்கேன். அந்தச் சரக்குக்கு இன்னும் கொசுறு வாங்கலை."

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். அதில் அப்போது நூற்றுக்கு மேல் வரிகள் இருந்தன. தும்மினால் ஆயுசு நூறு என்று சொல்வதற்கும், கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதற்கும்கூட விலை இருந்தது. கொசுறு என்று சொல்லிக் கை நீட்டி யாரும் ஐந்து மாதமாக அவரைக் கேட்கவில்லை. நான் இனாமாகக் கொடுத்தால் நாளைக்கு இதில் என் பெயரையே எழுதிவிடும் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். எழுதட்டும் என்று அவள் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது. கூடை கொண்டு வராததால் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலிருந்து ஒரு கொத்தை முறித்து, தராசைத் தொடாமல், அவள் முந்தானையில் போட்டார். அந்த வாசம் அவள் மூக்கில் ஏறியதும் இத்தனை நாள் காசு கொடுத்து வாங்கியதில் இந்த வாசம் இல்லையே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் பலகையின் பக்கம் திரும்பினாள்.

"தாயை விலைக்கு வாங்கிட்டேன். பிள்ளையைக் கொசுறாப் போடுங்க."

தலைப்பிரசவம் என்ற வரி, ஈரத்துணியால் துடைத்த மாதிரி மெள்ள மறைந்தது. பேரம் படிந்ததா முறிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓடினாள்.

அவள் படியேறும்போதே அழுகை கேட்டது. பெண் குழந்தை. சுடர்க்கொடி வாடிய முகத்தோடு சிரித்தாள். தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வருஷத்துக்குப் பிறகோ, கணக்குப் பார்க்காமல் அழுதாள்.

நர்ஸ் மட்டும் எடைபோடுகிற தட்டின் பக்கத்தில் திகைத்து நின்றாள். பிள்ளையைத் தட்டில் வைத்தால் முள் அசையவில்லை. தூக்கிவிட்டுத் தன் கையை வைத்து அழுத்தினாள், முள் ஓடியது. மறுபடியும் பிள்ளையை வைத்தாள், முள் பூஜ்யத்தில் நின்றது. பிள்ளை தட்டில் காலை உதைத்துக்கொண்டு அழுதது, முள் பூஜ்யத்தில் நின்றது. எடை எழுதாமல் எப்படிம்மா சீட்டுப் போடுறது, என்றாள் நர்ஸ்.

"கொசுறை யாரும் நிறுக்கிறதில்ல தாயி," என்று சொல்லித் தங்கபுஷ்பம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கையில் நல்ல கனம் இருந்தது. ஈரமும் சூடுமாக, முந்தானையில் இருந்த கறிவேப்பிலையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சுடர்க்கொடி சுவரைப் பிடித்து முன்னால் நடந்தாள், பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தங்கபுஷ்பம் பின்னால், பைகளைச் சுமந்துகொண்டு சங்கரபாண்டி கடைசியில். வாசலுக்குப் போகிற நடையில் கட்டணங்கள் எழுதிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. ஊசி போட இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, கட்டிலுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அச்சடித்த எழுத்து. அதற்குக் கீழே, கடைசியில், வலது பக்கம் சாய்ந்த, கால் நீண்ட சாக்பீஸ் எழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. கொசுறு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டுக்கு அப்புறம் எண் இல்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பது போல அந்த இடம் வெறுமனே இருந்தது.

அந்தக் கொசுறு தன் கையில் இருக்கிற பிள்ளைதான் என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் விலை விழும், விழுந்தால் வாங்கியாக வேண்டும், அரிசிப்பானையில் இப்போது அரிசி மட்டும்தான் இருந்தது. என்னம்மா பாக்க, என்று சுடர்க்கொடி கேட்டாள். ஒன்றுமில்லை நட என்று சொல்ல வாயைத் திறந்தால் அந்த வாய் எதைச் சொல்லுமோ என்று பயந்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து ரத்தம் கரிக்கும் வரை கடித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்து அவள் பலகையைத் தாண்டினாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றின் விலையைக் கேட்காமல் போனாள்.

தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டபோதுதான் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றிருப்பது தெரிந்தது. திரும்பினாள். சங்கரபாண்டி பைகளைக் கீழே வைத்துவிட்டு, பேத்தி பிறந்த சந்தோஷம் முகமெல்லாம் வழிய, பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி இத்தனை வருஷமாகத் திட்டியது அவருக்கு அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்துப் பெருமையாக ஒரு சிரிப்புச் சிரித்தார். அவளுக்கு இரண்டு கையிலும் பிள்ளை, பல்லுக்கு நடுவில் நாக்கு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விலை கேட்பதற்காக வாயைத் திறந்தார்.